நாலில் ஒன்று

கியுருவேசியில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
என் வண்டியில் இருந்த உறைகலனுக்குள்
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு.
"இதைப் பார்க்க வெளியே கோடைதான்" என்பேன்
போகிற தொழுவத்தில் எல்லாம்.
ஹில்க்கா மட்டும் சிரித்ததில்லை.

தோள்வரை ஏறிய கையுறை,
சட்டைக்குள் மார்போடு ஒட்டிச் சூடு காக்கும்
உறைவிந்துக் குச்சி.
கண்ணுக்கு வேலையில்லை,
விரல்தான் கருப்பை வாயைத் தேடும்.
இருபத்தாறு வருஷம் இதே பிழைப்பு.

பால் அறைக் கதவுக்குப் பின்னால்
அவள் நாள்காட்டி.
மான்சிக்கி: ஓஸ்மோ வந்து போட்டான்.
ஆறு வாரம் வெற்றுக் கட்டங்கள்.
பிறகு பென்சிலில்,
திரும்பிவிட்டாள்.
ஹெலுனா: ஓஸ்மோ வந்து போட்டான்.
ஏழு வாரம்.
திரும்பிவிட்டாள்.

கைராசி இல்லாதவன் என்று அவள் சொல்லவில்லை.
காபியை ஊற்றிவிட்டு
ஏலக்காய் ரொட்டித் தட்டை
என் பக்கம் தள்ளாமல் விட்டாள்,
அவ்வளவுதான்.

வெப்பமானியை மாற்றினேன்.
கையுறைக் கம்பெனியை மாற்றினேன்.
ஒரு இலையுதிர்காலம் முழுக்க
வெந்நீரில் கையை ஊறவைத்துப் போனேன்,
யாரிடமும் சொல்லாமல்.

பிறகு சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது.
பல்லாயிரம் மாடுகளின் காதுமடலில்
அரிசி அளவு சதை கிள்ளி எடுத்து
ஒவ்வொன்றிலும் ஐம்பதாயிரம் குறிகளைப் படித்திருந்தார்கள்.
அம்மா தந்தது ஒன்று, அப்பன் தந்தது ஒன்று,
எல்லாம் எல்லாவற்றோடும் ஜோடி சேர்ந்திருந்தன.
ஒரே ஒரு கோர்வை மட்டும்
எங்கு பார்த்தாலும் ஒற்றையாய்.
இரட்டையாய் அதைச் சுமந்த மாடு
ஒன்றுகூட இல்லை.
கணக்குப்படி நூற்றுப் பதிமூன்று இருந்திருக்க வேண்டும்.

நோயை யாரும் பார்க்கவில்லை.
செத்த கன்றையும் யாரும் பார்க்கவில்லை.
காணோம் என்பதைத்தான்
கண்டுபிடித்திருந்தார்கள்.

தோல்மேல் சுழி பார்த்து மாடு பிடிப்பவர்கள் உண்டு.
இது உள்ளே விழுந்த சுழி.
நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டு வாங்கிய காளை,
பெண்மக்களுக்கு எல்லாம் பட்டு மாதிரி மடி.
அதன் பேரனின் குச்சியை
அதன் பேத்திக்கே போட்டிருக்கிறேன், எத்தனையோ தடவை.
இரண்டு ஒற்றைகள் கூடினால்
நாலில் ஒரு கரு
கன்றாகாமலே கரைந்துவிடும்.
என் விரல் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.
தட்டுப்படவே இல்லை.

தாளை ஹில்க்காவிடம் கொடுத்தேன்.
நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.
உள்ளே போய்ப் பழைய நாள்காட்டிகளைக் கொண்டுவந்து,
பதினொரு வருஷத்துடையவை,
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
பென்சில் வரிகளை எண்ணத் தொடங்கினாள்.
பால் கறக்கும் நேரம் வந்தது.
மாடுகள் கத்தின.
எண்ணிக்கொண்டே இருந்தாள்.

நான் என்னைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.
வெட்கம்தான்.

"அப்படியென்றால்" என்றாள் கடைசியில்,
"சினை பிடிக்காமல் இல்லை.
பிடித்திருக்கிறது.
கொஞ்ச நாள் இருந்திருக்கின்றன."

பிப்ரவரியில் ஒமெனா ஈன்றாள்.
கிடேரி, நெற்றியில் வெள்ளை.
காதுத் துணுக்கு தபாலில் போய்
மூன்று வாரத்தில் எண்களாய்த் திரும்பியது.
பால் மிக நன்று. மடி நன்று. கால் சுமார்.
கடைசி வரியில்: ஒற்றைக் குறி உண்டு.

"விற்றுவிடலாமா?" என்றேன்.

"எதற்கு?
உனக்கும் எனக்கும் உள்ளே
எத்தனை ஒற்றை இருக்கிறதோ.
காளையை மட்டும் பார்த்துப் போடு."

நாள்காட்டியில் இப்போது
காளையின் பெயருக்குப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு பத்தி கூடியிருக்கிறது:
சுமப்பவன், சுமக்காதவன்.
அதையும்
பென்சிலில்தான் எழுதுகிறாள்.